அரக்கு முத்திரையும் ஆஸ்பத்திரி அரிசியும்

இனிமேல் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கொழும்பிலேயே மொத்தமாக டெண்டர் எடுத்து வாங்கப்போகிறார்களாம். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர்களுக்கு அந்தத் தலையிடி இனி இல்லை. என்னோடு கடைசியாக வேலை பார்த்த இருவர் வீடு தேடி வந்து சந்தோஷத்தோடு சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்களில் ஒருவர், “அதில என்ன ஐயா கஷ்டம் இருந்தது? ஆகக் குறைஞ்ச விலையைப் பாத்து வட்டம் போடுறதுதானே” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குக் கோப்பி கொடுத்திருக்கவே கூடாது. கொடுத்துவிட்டேன். வாயால் பதில் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

எந்தக் கச்சேரி, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். சபரகமுவாவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் லிகிதர் பரீட்சை எழுதித் தேறி, முதலில் இரத்தினபுரிக்குப் போனேன். அட்டைக்கடியும் மழையும் சிங்களமும் ஒன்றாகப் பழகின. பிறகு மாற்றம் கிடைத்து, நான் சொல்லும் இந்தக் கச்சேரிக்கு வந்தபோது பெரிய லிகிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டெண்டர் மேசையில் உட்காரவைத்தார். கல்யாணம் ஆகாதவன், கடன்காரன் இல்லை, கடைத்தெருவில் சொந்தக்காரர் யாரும் இல்லை. அந்த மேசைக்கு அவர் பார்த்த தகுதி அவ்வளவுதான்.

டெண்டர் பெட்டி விறாந்தைச் சுவரோடு பொருத்திய பலாமரப் பெட்டி. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பெரிய லிகிதரிடம், மற்றது கச்சேரித் தலைவரான ஏஜண்டரிடம். குறித்த நாளில் மத்தியான மணி அடித்ததும் பெட்டியின் வாயில் கடதாசி ஒட்டி அதன்மேல் நான் கையெழுத்து வைப்பேன். அதன்பிறகு உறையோடு யார் ஓடிவந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சாமான் கொடுக்க விலை போட்ட கொந்தராத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்க உறைகளைக் கிழித்து, விலையை உரத்து வாசிக்க வேண்டும். வெட்டித் திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்து இல்லையென்றால் சிவப்பு மையால் சுற்றி வளைக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் கணக்குப் பரிசோதகர்கள் வந்தாலும் நெஞ்சு படபடக்காமல் சாப்பிடலாம்.

ஆனால் ஒழுங்காக வாங்குவதும் நல்லதாக வாங்குவதும் ஒன்றல்ல. இரத்தினபுரியில் இருந்த காலத்தில் ஓப்பநாயக்கப் பக்கத்து றோட்டுக்குக் கருங்கல் உடைத்த சல்லி எடுத்தபோதே எனக்கு அது விளங்கியது. டெண்டர், விலை, ஒப்பந்தம் எல்லாம் சரி. றோட்டோரம் குவித்திருந்த சல்லியை நாடா பிடித்து அளந்தோம், அளவும் சரி. போகும்போது சும்மா ஒரு குவியலுக்குள் இரும்புக் கம்பியைக் குத்தினேன். ஒரு சாணுக்குமேல் இறங்கவில்லை. தள்ளிப் பார்த்தால் உள்ளே முழுப் பாறை, அதன்மேல் போர்வைபோல் சல்லி. கொந்தராத்துக்காரர் கொஞ்சமும் வெட்கப்படாமல், பாறையும் கல்தானே, ஒப்பந்தத்தில் கல் என்றுதானே போட்டிருக்கிறது என்று சிங்களத்தில் வாதாடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இனி எழுதப்போகும் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவே இல்லை.

அப்போது உதவி ஏஜண்டராக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரர். நாங்கள் அவரை ஏஜண்டர் என்றே சொல்வோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார், இரண்டாவது தடவை குரலைத் தாழ்த்தி. இரண்டு பதிலும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை கேட்கமாட்டார், எழுதிக்கொள்வார். பதில் வரும்வரை சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் ‘கிர், கிர்’ சத்தத்தில் வியர்க்காத லிகிதர் எங்கள் கச்சேரியில் இல்லை. தமிழும் பரீட்சைக்குப் படித்துத் தேறியிருந்தார். அந்தத் தமிழைத் தமிழருக்கே இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பச்சரிசி டெண்டர் எடுப்பது வருஷா வருஷம் நடக்கும். வயிற்றுளைவோடு வருகிற தோட்டத்துச் சனங்களுக்குக் கஞ்சி வைக்கிற அரிசி அது. அவர்களுக்கு மருந்தில் பாதி அந்தக் கஞ்சிதான். டெண்டர் கிடைத்தவருடைய மாதிரி அரிசியை இரண்டாகப் பிரித்து, கண்ணாடி மூடி போட்ட இரண்டு சின்ன மரப்பெட்டிகளில் நிரப்பி, நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றிக் கச்சேரி முத்திரை குத்துவேன். ஒரு பெட்டி எங்கள் இரும்பறைக்குப் போகும். மற்றது ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் தொங்கும். ஒவ்வொரு மாதமும் வருகிற அரிசி அங்கே தொங்கும் மாதிரிக்குச் சமமாக இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும், குறைந்தால் திருப்பியனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பொறுப்பேற்பவர் ஸ்டூவர்ட். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, ‘மாதிரிக்குச் சமம்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். எனக்கு முன்பிருந்தே இந்த வழக்கம் இருந்தது. இதைவிடப் பத்திரமான முறை உலகத்தில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

முதலாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்களில் ஒரு தடவை டெண்டர் அம்பலவாணருக்குக் கிடைத்தது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். அரசாங்கக் களஞ்சியங்களில் காலம் தள்ளிவிட்டு, முன்கூட்டியே விலகிக் கொந்தராத்தில் இறங்கியவர். நிபந்தனைகளை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார். கடைத்தெரு வியாபாரி காசிம் நானாவும் டெண்டர் போட்டிருந்தார். அவருடைய அரிசி இன்னும் நல்லது, விலை கொஞ்சம் கூட. குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தோம்.

ஆடி மழை பிடித்த பிறகு ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து ஏஜண்டருக்கு முறைப்பாடு வந்தது. கஞ்சி நாறுகிறது, நோயாளிகள் வாயில் வைக்கமாட்டேன் என்கிறார்கள், வைத்தவர்களுக்கும் வயிறு போகிறது. ஸ்டூவர்ட் எல்லா மாதமும் ‘மாதிரிக்குச் சமம்’ என்று எழுதியிருந்தார். வந்த அரிசி நல்லதென்றால், களஞ்சியத்துக்கும் உலைக்கும் நடுவில் அதை யாரோ மாற்றியிருக்க வேண்டும். நடுவில் இருந்தவன் ஒரே ஒருவன், ஆஸ்பத்திரிச் சமையற்காரன் கறுப்பையா. காலையில் ஸ்டூவர்ட்டிடம் சாவி வாங்கிக் களஞ்சியத்தைத் திறப்பவன் அவன்தான். அவனுடைய தம்பி பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தான். நல்ல அரிசியை லயத்துக்கு அனுப்பிவிட்டு மட்டமான அரிசியைப் பானையில் போடுகிறான் என்று அம்பலவாணர் சொல்ல, ஸ்டூவர்ட்டும் தலையாட்டினார். விசாரணைக்கு நாள் குறித்து, அன்று காலையில் அடுப்பு மூட்டியிருந்த கறுப்பையாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையில் குற்றம் நிரூபணமானால் பொலிஸ், வழக்கு, மறியல் என்று சிறைவாசம்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் பெண்சாதியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தவன். திருடன் என்று பெயர் எடுத்தவனை எந்தத் தோட்டத்துக் கங்காணியும் சேர்க்கமாட்டான்.

விசாரணைக்கு ஏஜண்டரே போனார். என்னை இரும்பறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வரச் சொன்னார். அதை மடியில் வைத்தபடி போனேன். களஞ்சியம் ஒரு சின்ன அறை. ஒரு பக்கச் சுவர் சமைக்கிற குசினிக்கும் அதற்கும் பொது. எலி எட்டாத உயரத்தில், அந்தச் சுவரில் அடித்த ஆணியில் ஆஸ்பத்திரிப் பெட்டி தொங்கியது. டாக்டர், ஸ்டூவர்ட், அம்பலவாணர், ஏஜண்டர், நான் என்று ஐந்து பேர் நின்றதில் அறை நிறைந்துவிட்டது. நான் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டேன். கறுப்பையா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஏஜண்டர் அவனைப் பார்த்து, “நீர் அரசினருக்குரிய தண்டுலத்தைக் களவாடினீரோ?” என்று கேட்டார். கறுப்பையா தேவாரம் கேட்பவன்போல் பயபக்தியோடு நின்றான். அரிசியைத் திருடினாயா என்று கேட்கிறார் என்று நான் சொன்னேன்.

“இல்லீங்க தொர. எம் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு பிடி தொடலீங்க.”

ஏஜண்டர் குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டார். அவனும் அதே பதிலை, அதே வார்த்தைகளில் சொன்னான். ஏஜண்டர் ஒன்றும் எழுதவில்லை.

குசினியிலிருந்த அரிசியை வெள்ளைத் தட்டில் கொட்டி, தொங்கிய பெட்டியை இறக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். முத்திரை உடையாமல் இருந்தது. என் கையால் குத்தியது, எனக்குத் தெரியாதா? ஆனால் கண்ணாடிக்குள் இருந்த அரிசியைக் குனிந்து பார்த்தேன். பழுத்துப்போன மஞ்சள், அங்கங்கே கறுப்புப் புள்ளி. தட்டில் இருந்ததும் அதே நிறம். ஏஜண்டர் ஒரு பார்வை என்னைப் பார்த்து, கொண்டுவந்த பெட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அது மல்லிகைப் பூப்போல வெள்ளையாக இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் அம்பலவாணர். நல்ல இங்கிலீஷில், அமைதியாகச் சொன்னார். ஒரே அரிசி இரண்டு பெட்டிக்குப் போனது. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். அப்படியென்றால் இங்கே தொங்கிய பெட்டியைத் திறந்து அரிசியை மாற்றியிருக்கிறார்கள். சூடு காட்டிய கத்தியால் அரக்கை நோகாமல் கழற்றி மறுபடி ஒட்டலாம். அடுப்பும் கத்தியும் சாவியும் யாரிடம் இருந்தன?

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அரிசித் திருட்டோடு அரசாங்க முத்திரையை உடைத்த குற்றமும் கறுப்பையாவின் தலையில் விழுந்தது. அவனைக் காப்பாற்றும் என்று நான் மடியில் வைத்துக் கொண்டுபோன பெட்டிதான் அவனை மாட்டிவைத்தது.

அந்த நேரம் ஸ்டூவர்ட் அம்பலவாணருக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னார். இவர் மிகவும் கவனமானவர், ஒவ்வொரு மாதமும் அரிசி ஏற்ற முன்பே நேரில் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவார் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தன்னுடைய அரிசி எப்படி இருக்கும் என்று தெரியாமலா ஒரு மனிதர் மாதாமாதம் வந்து எட்டிப் பார்ப்பார்? அவர் பார்க்க வந்தது அரிசி நல்லதா என்றல்ல, பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று. அது கெடக் கெட, அதற்கு ஏற்ற அரிசியைக் கொண்டுவந்திருக்கிறார். ஒரேயடியாக மாறாமல் மாதத்துக்குக் கொஞ்சமாக மாறியதால் ஸ்டூவர்ட்டின் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

வெளியே வந்ததும் நான் நினைத்ததை ஏஜண்டரிடம் சொன்னேன். அரிசியை யாரும் மாற்றவில்லை, பெட்டிக்குள்ளேயே அது கெட்டிருக்கிறது. ஏஜண்டர் கடிகாரத்தை எடுத்தார். முத்திரை வைத்த பெட்டிக்குள்ளேயா என்று கேட்டார். ஆம் என்றேன். தாழ்ந்த குரலில் மறுபடி கேட்டார். ஆம் என்றேன். ஆனால் அந்த முத்திரை என்னுடையது. கறுப்பையா திறக்கவில்லை என்றால், கெட்ட அரிசியை முதலிலேயே உள்ளே வைத்தவன் யார் என்ற கேள்வி அடுத்து என்னிடம் வரும். அம்பலவாணர் என் ஊர்ப்பக்கம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஏஜண்டர் யோசித்து ஒரு காரியம் செய்தார். இரும்பறை அரிசியில் பாதியைப் புதுப் பெட்டியில் போட்டு, கச்சேரி முத்திரை வேண்டாம் என்று தன் மோதிரத்தையே அரக்கில் பதித்தார். அதை அதே ஆணியில் தொங்கவிடச் சொன்னார். மழைக்காலம் முடிய முன்பு வந்து பார்ப்பேன், வெள்ளையாக இருந்தால் சமையற்காரன் பொலிசுக்குப் போவான் என்றார். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. அவன் வேலைக்கு வரவும் கூடாது.

அன்றிரவு கறுப்புக் கோட்டைக் கழற்றியபோது அதன் முதுகு முழுவதும் ஈரச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. உதறி மாட்டினேன். அதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

மழை பெய்தது. சபரகமுவா மழையை நான் என்றைக்கும் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை. ஒரு காரியமாக ஆஸ்பத்திரிக்குப் போன பெரிய லிகிதர் வந்து, பெட்டியைப் பார்த்தேன், அரிசி அப்படியே வெள்ளையாக இருக்கிறது என்றார். அதற்குள் அம்பலவாணர் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, உமக்கு ஏன் இந்த வேலை? ஒரு தோட்டக்காட்டான் மறியலுக்குப் போனால் ஊர் கெட்டுப்போகாது. அவன் போகேல்லை எண்டால் அடுத்ததா ஆரைத் தேடுவினம் எண்டு யோசிச்சுப் பாரும். அரக்கில இருக்கிறது உம்முடைய முத்திரை.”

பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஆனால் தோட்டத்துச் சனங்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தத் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை அவர் சொன்ன விதம் காதிலேயே நின்றது. மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

களஞ்சியத்துக்குள் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளைதான். சோர்ந்துபோய் முன்பு சாய்ந்த அதே சுவரில் சாய்ந்தேன். நிமிர்ந்தபோது கோட்டைத் தட்டினேன், சுண்ணாம்பு ஒட்டவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, காய்ந்து இருந்தது. அன்றைக்கு அது வெதுவெதுப்பாக, வியர்த்துப்போய் இருந்தது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் குசினியைப் பார்த்தால் சுவரோர அடுப்பில் சாம்பல்கூட இல்லை. புதுச் சமையற்காரர் அந்த மூலை வெக்கை தாங்காது என்று சொல்லி, பின்னால் கொட்டகையில் அடுப்பு மூட்டியிருந்தார். கறுப்பையா இருந்தவரை, வயிற்றுளைவுக்காரர்களுக்குக் கொதித்தாறிய தண்ணீர் கொடுக்கவேண்டும் என்ற டாக்டருடைய கட்டளைப்படி, விடியலிலிருந்து பொழுதுபடும்வரை அந்த அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே மழை, உள்ளே ஆவி. சுவர் குடித்த ஈரத்தையும் சூட்டையும் பெட்டி குடித்திருக்கிறது. கறுப்பையாவை நிறுத்தியதோடு அடுப்பும் நின்றுபோய்விட்டது. அவன் இல்லாத குசினியில் அவனுடைய குற்றத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம்.

ஏஜண்டர் முன்னால் போய் நின்றேன். அந்த அடுப்பை முன்போல மூட்ட வேண்டும், மூட்டுவது கறுப்பையாவாகவே இருக்க வேண்டும், அவன் எரித்த மாதிரி எரிந்தால்தான் இது நீதியான பரிசோதனை என்றேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் விசாரணை முடியுமுன் திரும்ப வரக்கூடாது என்று விதி இருக்கிறதே என்றார். இருக்கிறது என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் இருக்கிறது என்றேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் என் உத்தியோகமும் பென்ஷனும் சுற்றுவதுபோல் இருந்தது. கடைசியில், அவன் உத்தியோகத்துக்குத் திரும்பவில்லை, அடுப்புக்குத்தான் திரும்புகிறான் என்று சொல்லிவிட்டு உத்தரவு எழுதினார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரை இருத்தினார்.

கறுப்பையாவுக்கு நான் விஷயத்தை விளக்கினேன். சம்பளம் கிடையாது, முன்போல எரிக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

“அரிசி வெள்ளையாவே இருந்துட்டா எம் புள்ளைங்கள எங்கங்க விடுவேன்?”

அவன் போய் அடுப்பை மூட்டினான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் பழைய ஆட்கள் எல்லோரும் அதே அறையில் கூடினோம். நான் இந்தத் தடவை சுவரில் சாயவில்லை. கையை மட்டும் வைத்தேன். ஈரம் கசிந்தது. பொலிஸ்காரர் பெட்டியை இறக்கித் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே ஆவி படிந்திருந்ததால் நிறம் தெரியவில்லை. ஏஜண்டர் அரக்கில் இருந்த தன் மோதிர அடையாளத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாக்கத்தியால் நாடாவை அறுத்து, மூடியைத் தூக்கி, அரிசியைத் தட்டில் கவிழ்த்தார்.

மஞ்சள். பழைய பெட்டியளவுக்குக் கெடவில்லை, ஆனால் மஞ்சள்தான். புழுங்கிய வாடை அறையெங்கும் பரவியது. டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கறுப்பையா தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். நான் தலையாட்டியதும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஏஜண்டர் அவனிடம் போய், “நீர் குற்றமற்றவர்” என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் எழுந்து கும்பிட்டுவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னான்.

“தொர, இந்த அரிசி நாறுதுன்னு மாசா மாசம் ஸ்டூவர்ட்டு ஐயாகிட்ட சொன்னேனுங்க. அரிசியப் பாக்கச் சொன்னா, பெட்டியத்தான் பாத்தாங்க.”

ஸ்டூவர்ட் தரையைப் பார்த்தார். நானும் பார்க்க வேறு இடம் தேடினேன்.

அம்பலவாணர் மட்டும் கலங்கவில்லை. அப்படியென்றால் தன்னுடைய அரிசி எல்லா மாதமும் மாதிரிக்குச் சமமாகவே இருந்திருக்கிறது, நிபந்தனை எதையும் மீறவில்லை, முறைப்பாடு வந்ததும் நிறுத்திவைத்த பணத்தைத் தரவேண்டும் என்றார். ஏஜண்டர் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார். அந்த மனிதர் சொன்னது சரி. ஒப்பந்தத்தில் ‘நல்ல அரிசி’ என்று எங்கும் இல்லை. ‘மாதிரிக்குச் சமம்’ என்றுதான் இருந்தது. கொடுத்தோம். அந்தப் பணச்சீட்டை எழுதியவன் நான்தான். எத்தனை நோயாளிகள் அந்தக் கஞ்சியைக் குடித்தார்களோ, அவர்களுக்கு ஈடு கொடுக்க ஒரு விதியும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது.

அடுத்த டெண்டருக்கு நிபந்தனைகளை எழுதும் பொறுப்பை ஏஜண்டர் எனக்குத் தந்தார். மாதிரிப் பெட்டியை எடுத்துவிட்டேன். அரிசி உடையாமல், வெள்ளையாக, வாடையில்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதினேன். வந்த மூட்டைகளில் எதிலிருந்தாவது ஒரு பிடி எடுத்து அப்போதே கஞ்சி வைத்து, டாக்டரும் சமையற்காரரும் கொந்தராத்துக்காரரும் அதைக் குடிக்க வேண்டும். சமையற்காரர் சம்மதித்துக் கைநாட்டு வைத்தால்தான் சாமான் ஏற்கப்படும். சமையற்காரன் கைநாட்டா என்று பெரிய லிகிதர் முகத்தைச் சுளித்தார். ஏஜண்டர் எதையும் வெட்டாமல், இரண்டாவது தடவை கேட்காமல் கையெழுத்து வைத்தார். என் சேவைக்காலத்தில் அவர் ஒரே தடவை படித்துக் கையெழுத்து வைத்தது அது ஒன்றுதான்.

டெண்டர் நாள் வந்தது. காசிம் நானா உறையைப் போட்டுவிட்டு விறாந்தை ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் நெருங்கும்போது அம்பலவாணர் வந்தார். கையில் அழகாக ஒட்டிய உறை. அதற்குள் இருக்கும் விலை காசிம் நானாவின் விலையைவிடக் குறைவு என்று எனக்கு நிச்சயம். அது பெட்டிக்குள் விழுந்தால் குறைந்த விலை என்ற விதிப்படி மறுபடியும் அவருக்கே கொடுக்க வேண்டிவரும். நான் பசையும் கடதாசியும் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

அவர் சுவரில் ஒட்டியிருந்த புது நிபந்தனைகளை வாசித்தார். வாசித்துக்கொண்டே பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். கஞ்சி குடிக்கிற நிபந்தனைக்கு வந்ததும் கை நின்றது.

“ஆர் தம்பி இப்ப அங்க சமையற்காரன்?”

“கறுப்பையாதான் ஐயா” என்றேன்.

மணி அடித்தது. நான் கடதாசியை ஒட்டிக் கையெழுத்து வைத்தேன். உறை அவர் கையிலேயே இருந்தது.